பத்து நிமிடத் தீயும் இரு நிறுவனங்களும்

மூலப்பொருள் முதல் நுகர்வோர் கைவரை ஒரு பண்டம் கடந்துவரும் வழியை வணிகவியலார் ‘சப்ளை செயின்’ என்பர். ‘வழங்கல் சங்கிலி’ என இதனைப் பெயர்ப்பாரும் உளர். ‘வழங்கல் தொடர்’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு சொல் விடுபடின் சொற்றொடரின் பொருள் முறிவது போன்றே இத்தொடரும் முறியும். அத்தகைய முறிவு ஒன்றை ஈண்டுக் காண்போம்.

2000 மார்ச் 17 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் நிறுவனச் ‘சிப்’ ஆலையில் மின்னலின் விளைவாகத் தீப்பற்றியது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் அது அணைந்தது. ஆயினும், சிப்புகள் உருவாகும் அறை சிறு தூசும் படியாத தூய்மையுடையதாதல் வேண்டும். புகையும் நீரும் அத்தூய்மையைக் கெடுத்துவிட்டன. அங்கிருந்து செல்பேசிச் சிப்புகளைப் பெற்றுவந்தோருள் முதன்மையானோர் இருவர்: பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன். ஒரு வாரம் தாமதமாகும் என்றே இருவர்க்கும் முதலில் தெரிவிக்கப்பட்டது.

நோக்கியா அச்சிப்புகளைத் தனிக் கண்காணிப்பிற் கொணர்ந்து, அவற்றின் நிலையை நாள்தோறும் வினவியது. செய்தி மேலிடத்துக்கும் விரைந்து சென்றது. தாமதம் பல வாரங்கள் நீளும் எனத் தெளிந்ததும், பிலிப்ஸின் பிற ஆலைகளிலும் பிற நிறுவனங்களிடமும் மாற்று ஏற்பாடுகளைச் செய்துகொண்டது. எரிக்சனிலோ, செய்தி இடைநிலை அலுவலரிடமே தங்கிவிட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு முக்கியச் சிப்புகளுக்கு ஒரே வழங்குநரை நம்பும் உத்தியை அந்நிறுவனம் முன்னரே மேற்கொண்டிருந்தமையால், செய்தி மேலேறிய பின்னரும் செல்ல வழியில்லை. இழப்பு சுமார் 40 கோடி டாலர். 2001-இல் அது தன் செல்பேசித் தொழிலைச் சோனியுடன் இணைத்தது. தீ ஒன்றே அதற்குக் காரணம் எனல் மிகை. எனினும் அதன் பங்கு சிறிதன்று.

மாணவர் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இரு நிறுவனங்களிடமும் கணிப்பொறிகள் இருந்தன. வரவும் இருப்பும் குறித்துவைப்பது மட்டும் நெகிழ்வுடைய தகவல் அமைப்பாகாது. வழக்கத்தினின்று எவ்வளவு பிறழ்ந்தால் யாருக்கு அறிவித்தல் வேண்டும், அப்பொருளை வேறு யார் தரவல்லார், எத்தனை நாளில் தரவல்லார் என்பனவும் அதனுள் அடங்குதல் வேண்டும். மாற்று வழங்குநரைப் பேணச் செலவுண்டு. அச்செலவை ஏற்பதா என்பது வணிக உத்தியைச் சார்ந்த முடிவு. அம்முடிவு ‘இல்லை’ எனின், எத்தனை விரைவான கணிப்பொறியும் கேட்டினை முன்னதாக அறிவிக்குமேயன்றித் தடுக்காது.

தீக்குப் பின்னர் எரிக்சன் தன் கொள்முதல் முறையைத் திருத்தியது. ஒவ்வோர் உறுப்புக்கும் மாற்று உண்டா, வழங்கல் நின்றுபோயின் மீண்டும் பெற எவ்வளவு காலமாகும் என ஆராய்ந்து வகைப்படுத்தலாயிற்று.