பசை வாளிக்குப் பின்னால் ஒரு நாள்

பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். முட்புதர் மண்டிய காலிமனையின் எல்லைக்கல்லிலும் இருக்கும். 'இதன்மூலம் தங்களுக்கு அறிவிப்பது' என்று விறைப்பாக ஆரம்பித்து ஊதா முத்திரையில் முடியும். ஒட்டுகிற ஆளை மட்டும் நான் பார்த்ததே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தானே முளைக்கிறதோ என்றுகூட நினைத்ததுண்டு. போன வாரம் அதை ஒட்டுகிற கூட்டத்தோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், கேளுங்கள்.

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம். அடுத்த தடவை போனால் டீ கிடைக்க வேண்டுமில்லையா?

காலை ஆறரைக்கு 'மஸ்டர்', அதாவது வருகைப் பதிவு. அலுவலகத்தின் முன்வாசலை மட்டுமே பார்த்தவர்கள் பாவம், விசேஷமெல்லாம் பின்பக்கம்தான். கொசுப்புகை இயந்திரம் இரண்டு: ஒன்று ஓடும், மற்றது அதற்கு ஸ்பேர் கொடுத்தே உயிரை விட்டது. அகற்றிக் கொண்டுவந்த ஃபிளெக்ஸ் போர்டுகள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. மேலே இருக்கும் போர்டில் ஒரு புதுமாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார். "அண்ணன்தான் எங்களுக்கு டெய்லி குட்மார்னிங்" என்றார் ஒரு தூய்மைப் பணியாளர்.

மூலையில் பழைய டயர்கள். கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா (ஊருக்கே அவர் 'கொசு மருந்து அக்கா') டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி நிக்குது. மொத நோட்டீஸ நம்ம ஆபீஸ் கதவுல ஒட்டுங்க" என்றார். "நமக்கு நாமே திட்டம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டமே சிரிக்க, சூப்பர்வைசர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தானே டயரைக் கவிழ்த்தார். அவர் பேன்ட்டில் பாதி நனைந்துவிட்டது.

இதற்கு நடுவே அடுப்பு எரிகிறது. அதில் பசை! கடையில் வாங்கும் கோந்து வெயில் ஏறினால் உரிந்துவிடுமாம். மைதாவைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் விட்டு, கூழ் பதத்தில் இறக்குகிறார் ஒரு பெரியவர். நாற்பது வருட அனுபவம். மணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பசித்தது. "துருசு போட மாட்டீங்களா? பூச்சி அரிக்காதே" என்று என் அரைகுறை ஞானத்தைக் காட்டினேன். "சுவரொட்டிக்காரன் போடுவான். நான் போட மாட்டேன் தம்பி. ஆடு மாடு வந்து நக்கும். வாயில்லா சீவன்."

ஏழு மணிக்கு முதல் புகார். ஒரு காலிமனை. வாங்கிப் போட்டவர் எங்கோ இருக்கிறார். நான்கு மூலைக்கல்லும் கருவேலத்துக்குள் மூழ்கிவிட்டன. 'பாம்பு வருகிறது' என்று பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்திருந்தார். அவரே முன்னால் நின்று கைகாட்டினார், பாம்பு போன பாதையைக்கூட வளைத்து வளைத்துக் காட்டினார். நம் ஆட்கள் புதரை விலக்கினால் முட்டை ஓடு, இளநீர்க் கூடு, நேற்றைய பிரியாணிப் பொட்டலம், கூடவே ஒரு கரண்ட் பில். பில்லில் மனுதாரரின் பெயர்! சூப்பர்வைசர் அதை மெதுவாக நீவி, மடித்து, "கட்டியாச்சுங்களா?" என்று கேட்டுக் கையில் கொடுத்தார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுதாரர் அதற்குமேல் பாம்பைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது பெரிய வீடு. இங்கே கொஞ்சம் நிதானமாக நடப்போம்.

செட்டிநாடு என்றால் ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள். இன்று எழுபதைத் தாண்டி ஏதோ ஒரு கணக்கு. பர்மா, இலங்கை, மலாயா என்று போய் வட்டித்தொழில் செய்த நகரத்தார், பர்மாத் தேக்கை இறக்கி, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக எழுப்பிய வீடுகள். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் இந்த ஊர்களில் சில ஏறிவிட்டன. பயணிகள் போட்டோ எடுப்பது திறந்திருக்கும் வீடுகளை. பூட்டியவற்றைப் பார்ப்பது நம் கொசு மருந்து அக்கா.

பின்கட்டுச் சுவர் சரிந்து கிடந்ததால் வாசல் தேவைப்படவில்லை. வௌவால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒரு தூணை ஆலங்கன்று கட்டிப்பிடித்திருக்கிறது. தரையில் ஆத்தங்குடிப் பூக்கல் தூசிக்கு அடியில் இன்னும் பளிச்சென்று இருக்க, அக்கா புடவைத் தலைப்பால் ஒரு கல்லைத் துடைத்துக் காட்டினார். "எவ்வளவு அழகு பாருங்க" என்றார். அவருக்கு அது வேலையில்லை, ஆனாலும் துடைத்தார்.

முற்றத்தில் ஒரு ஆட்டுக்கல். குழியில் மழைத்தண்ணீர், தெளிவாக, குடிக்கலாம் போல. டார்ச் வெளிச்சம் விழுந்ததும் தண்ணீர் முழுக்க நெளிந்தது. தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு அடியில் ஓடுகின்றன. டெங்கு கொசு சாக்கடையைத் தேடாது, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும்; முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது, முட்டை காய்ந்த கல்லிலும் மாசக்கணக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதனால் அக்கா தேங்காய் நாரை எடுத்துக் கல்லின் உள்பக்கம் தேய்க்கிறார், பாத்திரம் கழுவுகிற அதே வேகத்தில். நெற்றி வியர்வை சொட்டுச் சொட்டாக ஆட்டுக்கல்லுக்குள்ளேயே விழுந்தது. "யார் வீட்டு ஆட்டுக்கல்லோ. எங்க வீட்டு ஆட்டுக்கல்லக்கூட நான் இப்படிக் கழுவினதில்ல." கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டோம். பாலித்தீன் பையிலிருந்து அவை இறங்கியதைப் பார்க்க நானும் குனிந்தேன். சட்டைப்பைப் பேனாவும் கூடவே இறங்கிவிட்டது.

மதியம் அலுவலகம். மின்விசிறி சுழல்கிறது, ஃபைல்கள் மேல் கல் வைத்திருக்கிறார்கள். இங்கேதான் எனக்கு உண்மையான சுவாரசியம் பிடிபட்டது. நோட்டீஸ் எழுத அஞ்சு நிமிஷம். யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிக்க அஞ்சு மாசம்! சொத்து வரி இன்னும் தாத்தா பெயரில். தாத்தா எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. அவருக்கு நான்கு மகன்கள், அவர்களுக்குப் பிள்ளைகள், இப்போது 14 பங்கு. பில் கலெக்டருக்கு எல்லாம் மனப்பாடம். "மூணாவது பங்கு கோயமுத்தூர். அஞ்சும் ஆறும் பேசிக்கிறதில்ல. ஒம்பது மலேசியா, முன்னோர் படைப்புக்கு வருவாங்க" என்று கல்யாணத் தரகர் மாதிரி ஒப்பிக்கிறார். அவர் ஓய்வுபெற்றால் இந்த ஊரின் பாதி ஆவணம் வீட்டுக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

சட்டம் என்னவோ தெளிவுதான். 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் கைகொடுக்கிறது: சுகாதாரக் கேடு இருந்தால் உரிமையாளருக்கு அறிவிப்பு கொடு, அவர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டுச் செலவை அவரிடம் வசூல் செய். அதற்குமேல் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம். இயற்றியது 1998-ல், நிலையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். கிளர்க் கீபோர்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சட்டம் வர்றதுக்கு 25 வருஷம். பங்காளிக்கு மட்டும் 7 நாள் டைம்."

சென்னையில் இருக்கும் ஒரு பங்குதாரரின் எண் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். வயதான குரல்.

"ஆச்சி, பேரூராட்சியிலேருந்து பேசுறோம். உங்க பூர்வீக வீடு..."

"இடிஞ்சிருச்சா?"

"இல்ல ஆச்சி, பின்கட்டுச் சுவர்தான்."

"முகப்புல லச்சுமி இருக்காளா?"

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். நான் காலையில் எடுத்த முகப்புச் சிற்பத்தின் போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டினேன். "இருக்காங்க ஆச்சி. ஒரு யானைக்கு மட்டும் தும்பிக்கை இல்ல."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அது எங்கண்ணன் கிட்டிப்புள் அடிச்சு ஒடைச்சது. அப்பச்சிகிட்ட நான்தான் அடி வாங்கினேன்!"

கிளர்க் தட்டுவதை நிறுத்திவிட்டார். இரண்டு நிமிஷம் அந்த அறையில் அரசாங்கமே இல்லை. பிறகு ஆச்சி குரலைத் தாழ்த்தினார்: "நான் மட்டும் பணம் போட்டுச் சுவரைக் கட்டினா, சொத்துக்கு அடிபோடுறேன்னு மத்தவுக சொல்லுவாக. நீங்க ஒண்ணு செய்யுங்க. நோட்டீசு ஒட்டுங்க, பெரிசா ஒட்டுங்க. போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. குரூப்புல போடுறேன். அப்பத்தான் பேச்சுக்கு வருவாக."

பார்த்தீர்களா! நான் இத்தனை நாள் அந்தத் தாளை மிரட்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வீட்டுக்காரரே அதைக் கேட்டு வாங்குகிறார். "பாதிப் பேர் இப்படித்தான் தம்பி," என்றார் பில் கலெக்டர், வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே. "நாங்க ஒட்டினாத்தான் அவங்களுக்குள்ள போன் அடிக்கும்."

சாயங்காலம் நாலரை. பசை வாளி என் கையில்! கெஞ்சி வாங்கினேன். தேக்குக் கதவில் படக்கூடாது, செதுக்கலில் பசை இறங்கிவிடும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திண்ணைத் தூணுக்குப் பக்கத்துச் சுவரில், முழங்கையளவு உயரத்தில் தடவி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினேன். கோணலாகத்தான் வந்தது. "பரவால்ல, சட்டம் நேரா இருந்தாப் போதும்" என்றார் சூப்பர்வைசர். போனில் இடமும் நேரமும் பதிவாகும் ஆப்பைத் திறந்து, தேதி தெரிகிற மாதிரி ஒன்று, லட்சுமி தெரிகிற மாதிரி ஒன்று எடுத்தார். இரண்டாவது ஆச்சிக்கு.

வண்டியைக் கிளப்பித் திரும்பிப் பார்த்தால், ஒரு வெள்ளாடு திண்ணைமேல் ஏறி நிற்கிறது. தாளின் கீழ்மூலையை இழுத்து, ஊதா முத்திரையோடு சேர்த்து நிதானமாக மெல்கிறது. நான் பதறிப்போய் இறங்கப் பார்த்தேன்.

"போட்டோ எடுத்தாச்சில்ல?" என்றார் பெரியவர்.

"எடுத்தாச்சு."

"அப்ப சாப்பிடட்டும். மைதாதானே."