அங்கீகாரம் ஆரம்பமே
நடுநிலைப் பாடசாலைகளும் பெற்றோர் கடமையும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

கூட்டுறவுச் சங்கமொன்று பதிவானவுடன், அதன் பதிவுப் பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டு, சந்தனமிட்டுச் சுவரில் மாட்டுவது நம் பக்கத்து வழக்கம். அவ்வாறு மாட்டப்பட்ட பத்திரங்கள் பலவற்றைச் சுற்றுப்பயணத்தில் கண்டிருக்கிறேன். சில இடங்களில் பத்திரம் மட்டுமே மிஞ்சியிருக்கும். பேரேடு எழுதப்பட்டிராது, மகாசபை கூடிப் பல வருஷங்கள் ஆகியிருக்கும். பதிவு என்பது சங்கத்தின் பிறப்பேயன்றி அதன் ஆயுள் அன்று என்பதை அங்கத்தினர் உணராமையே இதற்குக் காரணம்.

பாடசாலைகளின் விஷயமும் இத்தகையதே. அங்கீகாரம் பெறுவது எப்படி, பெற்றபின் செய்யவேண்டியது யாது என்பவற்றை, முக்கியமாக ஆறாவது முதல் எட்டாவது வரையில் நடத்தும் நடுநிலைப் பாடசாலைகளைக் குறித்து, இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

ஒரு தகப்பனார் பட்ட பாடு

ராயபுரம் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் வரையிலுள்ள கரையோரமே என் அலுவல் எல்லை. 1856-ம் வருஷத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் ராயபுரம். துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்தபின், மீனவர் குப்பங்களும் தோட்டக் கிராமங்களும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. பெயர் நகரமாயினும், ஜனங்களின் வாழ்வு பல தெருக்களில் இன்னும் கிராம வாழ்வே.

சில வருஷங்களுக்கு முன், சரக்கேற்றும் தொழிலாளி ஒருவர் கடன் மனுவோடு என்னிடம் வந்தார். எங்கள் மேற்பார்வையிலுள்ள சிக்கன நாணயச் சங்கமொன்றில் அவர் அங்கத்தினர். அவருடைய மகள் தனியார் நடுநிலைப் பாடசாலையொன்றில் எட்டாவது முடித்து, வேறிடத்தில் ஒன்பதாவது சேரப் போயிருக்கிறாள். பழைய பாடசாலையின் அங்கீகாரம் காலாவதியாகி இரண்டு வருஷமாயிற்று என்றும், அதன் மாற்றுச் சான்றிதழை ஏற்க இயலாது என்றும் சொல்லித் திருப்பியனுப்பிவிட்டார்கள். கல்வி அதிகாரிகளிடம் மனுக் கொடுத்து, அலைந்து, ஆறு வாரங் கழித்தே குழந்தைக்கு இடம் கிடைத்தது. அந்த ஆறு வாரத்தில் தகப்பனார் இழந்த கூலிக்காகவே கடன் மனு.

அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் மனத்தில் இருக்கிறது. "ஐயா, சங்கத்தில் பணம் கட்டுமுன் பதிவு நம்பரைப் பார்க்கவேண்டுமென்று நீங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். பிள்ளையைச் சேர்க்குமுன் அதைப் பார்க்கவேண்டுமென்று யாரும் சொல்லித் தரவில்லையே!" மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு உத்தியோகத்துக்கு வந்தவன் நான். ஒரு சான்றிதழின் பெறுமதியை நான் அறிவேன். ஆகையால் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகவே இக்கட்டுரையை எழுதலானேன்.

அங்கீகாரம் வந்த வழி

தனியார் பாடசாலைகளைச் சர்க்கார் பார்வையிட்டு மானியம் வழங்கும் முறை, 1854-ம் வருஷத்துக் கல்விக் கடிதத்தின் பின் இந்நாட்டில் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்ஸ்பெக்டர் பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் தேறினரோ அதற்குத் தக்கபடி மானியம் அளிக்கும் ஏற்பாடு சென்னை மாகாணத்தில் இருந்தது. பரீட்சை நாளுக்காக மட்டும் பாடம் நடத்தும் வழக்கம் இதனால் வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது. ஒரு நாள் சோதனைக்காக நடக்கும் பாடசாலை மறுநாள் தளர்ந்துவிடும் என்பதே இதில் நாம் கற்கவேண்டிய பாடம்.

1920-ம் வருஷத்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. அவ்வருஷமே சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த சர். பி. தியாகராய செட்டியார் காலத்தில், ஆயிரம்விளக்குப் பாடசாலையில் மதிய உணவு தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்யத் தீர்மானித்தனர். பசித்த வயிற்றோடு படிப்பு ஏறாது என்று கண்டு செய்த அபிவிருத்தி அது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் அது மாகாணமெங்கும் பரவிற்று.

1958-ல் திருவள்ளூருக்கு அருகிலுள்ள கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மகாநாடு முதலில் கூடிற்று. கல்வி டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் இவ்வியக்கத்தை நடத்தினார். ஒவ்வொரு பாடசாலைக்கும் வேண்டியவற்றை ஊரார் முதலில் பட்டியல் எழுதினர்; பின்னர் இடம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று அவரவர் சக்திக்கேற்ப ஏற்றுக்கொண்டனர். இந்தியாவின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கம் 1904-ல் ஏற்பட்ட திரூரும் அதே பக்கத்து ஊரே. தமக்கு வேண்டியதைத் தாமே கணக்கிட்டுக் கூடிச் செய்வதென்பது இப்பிரதேசத்து ஜனங்களுக்குப் புதிதன்று.

சட்டம் கேட்பவை

2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சர்க்காரோ ஸ்தல ஸ்தாபனமோ நடத்தாத எந்தப் பாடசாலையும் அங்கீகாரச் சான்றின்றி நடத்தப்படலாகாது. மீறினால் ஒரு லக்ஷம் ரூபாய் வரையில் அபராதமும், தொடர்ந்து மீறும் ஒவ்வொரு நாளுக்கும் பதினாயிரம் ரூபாயும் விதிக்கலாம். இதோடு 2018-ம் வருஷத்துத் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும், 2023-ல் வந்த அதன் விதிகளும் தனியார் பாடசாலைகளைக் கட்டுப்படுத்துகின்றன. மாநகராட்சிப் பாடசாலைக்குச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் அளவுகோல் அதற்கும் ஒன்றே.

நடுநிலை வகுப்புகளுக்குரிய அளவுகோல்களில் முக்கியமானவை இவை. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் இருத்தல் வேண்டும். விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஒருவர், சமூக இயலுக்கு ஒருவர், பாஷைகளுக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்டால் முழுநேரத் தலைமையாசிரியரும், சித்திரம், தேகப்பயிற்சி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் போதகர்களும் வேண்டும். வருஷத்தில் 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரப் போதனையும் குறையலாகாது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஓர் உபாத்தியாயருக்கு ஓர் அறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், நல்ல குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர், புத்தகசாலை, ஊனமுற்ற குழந்தையும் தடையின்றி வந்து போகும் வழி ஆகியனவும் அவசியமாகும்.

இவற்றோடு தனியார் பாடசாலைகள் கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட லைசென்சு, தீயணைப்பு இலாகாவின் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றைக் காலந்தோறும் பெறவேண்டும். இவற்றை வெறுங் காகிதங்கள் என்று அலட்சியமாகப் பேசுவோர் 2004 ஜூலை 16-ந் தேதியை நினைவுகூர்வார்களாக. அன்று கும்பகோணத்தில் கூரையில் பற்றிய தீயால் 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே கட்டடத்தில் மூன்று பாடசாலைகள் நெருக்கமாக நடந்துவந்தன.

இன்னொன்றும் பெற்றோர் அறியவேண்டும். ஒரு பாடசாலையின் அங்கீகாரம் ரத்தாகுமானால், அப்பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் எந்தப் பாடசாலையில் சேர்க்கப்படவேண்டும் என்பதையும் அந்த உத்தரவிலேயே சொல்லவேண்டுமென்று சட்டம் விதிக்கிறது. ஆனால் அங்கீகாரம் ரத்தாகாமல், புதுப்பிக்கப்படாமலே சத்தமின்றிக் காலாவதியானால், அத்தகைய உத்தரவு எதுவும் பிறப்பதில்லை. மேற்சொன்ன தொழிலாளியின் மகள் அகப்பட்டுக்கொண்டது இந்த இடைவெளியிலேதான்.

அங்கீகாரத்துக்குப் பின்

சங்கங்களுக்கு வருஷந்தோறும் தணிக்கை உண்டு. அதன்மேல் வகுப்புப் பிரித்து மதிப்பிடுவோம். பாடசாலைக்கு இதற்கொப்பான முறையாக, 'ஷாலா சித்தி' என்னும் ஏற்பாட்டை 2015-ல் தேசியக் கல்வித் திட்ட ஸ்தாபனம் வெளியிட்டது. வசதிகள், போதனை, பிள்ளைகளின் முன்னேற்றம், உபாத்தியாயர் பயிற்சி, தலைமை, சமத்துவமும் சுகாதாரமும் பாதுகாப்பும், ஊராரின் பங்கு என்று ஏழு துறைகளில் 46 அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. பாடசாலை முதலில் தன்னைத் தானே மூன்று படிகளில் மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். பின்னரே வெளியார் வந்து பார்ப்பர். தன் குறையைத் தானே எழுதுவதுதான் இம்முறையின் உயிர். ஆனால் எல்லாவற்றிலும் மேற்படியைப் போட்டு அனுப்பிவிட்டால், அது பொய்க் கணக்கு எழுதிய சங்கத்தின் ஐந்தொகைக்கு ஒப்பாகும்.

சர்க்கார் பாடசாலைகளிலும் மானியம் பெறும் பாடசாலைகளிலும் மேலாண்மைக் குழு அமைப்பது சட்டப்படி கட்டாயம். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். சர்க்கார் பாடசாலைகளில் பாடசாலை அபிவிருத்தித் திட்டத்தை எழுதுவது இக்குழுவின் கடமை. சர்க்கார் தரும் மானியம் அத்திட்டத்தையே ஆதாரமாகக் கொள்ளவேண்டுமென்றும் சட்டம் கூறுகிறது. ஆகவே எழுதாத குறை தீராத குறையாகும். மானியம் பெறாத தனியார் பாடசாலைகளுக்கு இக்குழு கட்டாயமன்று. அங்கே பெற்றோர் சங்கமே விழிப்பாயிருத்தல் வேண்டும்.

நம் கரையோரத்துக்குரிய விசேஷங்கள்

அச்சடித்த அளவுகோல் எல்லா ஊருக்கும் பொது. நம் ஊர்த் திட்டத்தில் நம் ஊர்க் குறை இடம்பெற வேண்டும். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, காற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. அம்மாதம் 26-ந் தேதி இரவு பெரியகுப்பத்தருகே அம்மோனியா வாயு கசிந்து ஜனங்கள் வீடுகளை விட்டோடினர். 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பாடசாலையொன்றில் வாயு நாற்றத்தால் பிள்ளைகள் மயங்கி ஆஸ்பத்திரி சேர்ந்தனர். ஆகவே தீயணைக்கும் கருவி மட்டும் இவ்விடத்துப் பாடசாலைக்குப் போதாது. காற்று எத்திசையில் வீசுகிறதென்று காட்டும் ஒரு துணிக்கொடி, காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்லும் இரண்டு வழிகள், மூக்கை மூட ஈரத்துணி, லாரிகள் நெருங்கும் சாலையைக் கடக்காமல் பிள்ளைகள் கூடும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே தீர்மானித்து, பருவத்துக்கொருமுறை ஒத்திகை பார்க்கவேண்டும். இதற்குப் பெருஞ் செலவில்லை, மனமே வேண்டும்.

இரண்டாவது, பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இயந்திரப் படகுகள் கடலுக்குப் போகலாகாது. ஜூன் மாதத்தில் பாடசாலை திறக்கும்போது காசிமேட்டுக் குடும்பங்களில் கை வறண்டிருக்கும். சர்க்கார் பாடசாலையில் பாடப் புத்தகம் இலவசமாயினும், மற்றச் செலவுகளுக்குக் கூசி, பிள்ளையை வீட்டிலும் வேலையிலும் நிறுத்திவிடுவோர் உண்டு. ஆறாவதிலும் ஏழாவதிலும் இவ்வாறு நின்றவர் மீண்டும் வருவது அரிது. ஜனவரி முதல் வாரம் ஒரு சிறு தொகை சேர்த்துவரும் சிக்கனக் கணக்கொன்றை மகளிர் குழுக்கள் மூலம் நடத்தினால், ஜூன் மாதத்துத் தட்டு நீங்கும். ஜூன் மாத வருகைப் பதிவைக் குழு தனியே பார்க்கவேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. பிள்ளையைச் சேர்க்குமுன், அங்கீகார உத்தரவின் எண்ணையும் அது முடியும் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்க. காட்ட மறுக்கும் இடத்தில் சேர்க்கவேண்டாம்.

2. ஏழாவது முடியும்போது ஒருமுறை மீண்டும் பார்க்க. எட்டாவது முடிந்தபின் பார்ப்பது காலங் கடந்த செய்கை.

3. குழுவில் அங்கத்தினரானால் கூட்டத்துக்குத் தவறாது போய், தீர்மானப் புத்தகத்தை வாசித்த பின்னரே கையெழுத்திடுக. வாசிக்கத் தெரியாதவர் தம் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்க; எட்டாவது பிள்ளை அதை வாசிக்கத் தடுமாறினால், அதுவே அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாகும்.

4. வருஷத்துக்கு மூன்று குறைகளை மட்டும் எழுதி, யார், எப்போதைக்குள் தீர்ப்பதென்று குறிக்க. முப்பது குறை எழுதிய திட்டம் பெட்டியில் உறங்கும்.

5. மறுவருஷம் அம்மூன்றையும் முதலில் படித்துப் பார்த்த பின்னரே புதியவற்றை எழுதுக.

மேற்சொன்ன தொழிலாளி இப்போது தம் இளைய மகன் படிக்கும் மாநகராட்சிப் பாடசாலையின் குழுவில் இருக்கிறார். சென்ற முறை நான் அவ்வழி சென்றபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துக் காட்டினார். பெண்கள் கழிப்பிடத்துக்குக் கதவு, விஞ்ஞான உபாத்தியாயர், மழைத் தண்ணீர் நிற்கும் வாசல் என்று மூன்று வரிகள். முதல் வரி அடிக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் அடிக்கப்படவில்லை.