தாய் நிற்கும் இடம்

குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பே பிற்கால உறவுகளுக்கு முன்மாதிரியாகிறது என்பது பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் பௌல்பியின் 'பற்றுறவுக் கோட்பாடு'. தேவைப்படும்போது வளர்ப்பவர் துணை நிற்பார் என்று உணர்ந்து வளரும் பிள்ளை பிறரையும் எளிதில் நம்புகிறது என்பதே அதன் சாரம்.

அப்படித் துணை நின்ற ஒரு தாயைத் திரையிலும் காணலாம். மாமல்லபுரத்து மீனவர் குடும்பச் சிறுமி கமலி மூர்த்தியைப் பற்றிய 'கமலி' என்னும் குறும்படம் (2019) மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கவுன் அணிந்து, வெறுங்காலுடன் சறுக்குப் பலகையில் சரிவிறங்கும் அச்சிறுமியே உலகின் கண்ணில் பட்டாலும், பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொண்டு, மகளைத் தனியாக வளர்த்த தாய் சுகந்தியே படத்தின் உண்மையான நாயகி எனலாம். அவர் தடுத்திருந்தால், சறுக்கு விளையாட்டால் மகளுக்கு வாய்த்த தோழமையும் வீட்டு வாசலோடு நின்றிருக்கும்.

துணையாக நிற்பது வேறு, வேவு பார்ப்பது வேறு. சுவீடனில் 14 வயதினரை ஆராய்ந்து உளவியலாளர்கள் ஸ்டாட்டினும் கெர்ரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் வெளியுலகைப் பெற்றோர் அறிவது கண்காணிப்பால் அல்ல, பெரும்பாலும் பிள்ளைகள் தாமாகச் சொல்வதால்தான் எனக் காட்டியது. கைப்பேசியை ரகசியமாகப் புரட்டும் பெற்றோர் இதைக் கவனிப்பது நல்லது.

வீட்டில் பேச்சே நின்றுபோன நிலையில், 14416 என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணைப் பெற்றோரும் பிள்ளைகளும் எந்நேரமும் அழைக்கலாம்.