கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு நாள் டாட்டா!

ஓசூரில் நாலைந்து வருஷமாக வேலை பார்க்கும் எந்த இளைஞரையும் நிறுத்தி, ''இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?'' என்று கேளுங்கள்.

''இங்கயா? ஒண்ணும் இல்ல சார். பெங்களூருக்கு பஸ் இருக்கு!'' - பட்டென்று பதில் வரும்.

ரூம், மெஸ், ஷிப்ட், சம்பளத் தேதி... இந்த நாலு திசைதான் அவருக்குத் தெரிந்த ஓசூர். சேர்ந்தாற்போல் மூணு நாள் லீவு கிடைத்தால், பாண்டிச்சேரி கடற்கரைக்கு ஓட்டம்!

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே சுற்றித்தான் பாருங்களேன். ஒரு பைக், ஒரு சிநேகிதன், ரெண்டு பாட்டில் தண்ணீர் போதும்.

காலையில் சந்திரசூடேஸ்வரர் மலை. கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகத் தினமும் அவசரக் கும்பிடு போடுவீர்களே, அதே மலைதான். மேலே நின்றால் ஊர் மொத்தமும் காலடியில். கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புது ஊர். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50, டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன்... அப்பா ஓட்டிய வண்டிக்கும் மாமா கல்யாணத்துக்குக் கட்டிய வாட்ச்சுக்கும் பிறந்த வீடு இந்த ஊர்தான்.

அடுத்து, பக்கத்திலிருக்கும் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10-ம் தேதி ராஜாஜி பிறந்த வீடு, அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. இந்தக் கிராமத்து முன்சீப் மகன் ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூரில் காலேஜ் என்று படித்து, 1948-ல் டில்லியில் கவர்னர் ஜெனரல் மாளிகைக்கே குடிபோனார். நம்மாட்களின் அதே ஓசூர் - பெங்களூர் ரூட்தான். என்ன, அவர் அத்தோடு நிற்கவில்லை!

வெயில் ஏறுவதற்குள் ராயக்கோட்டைக்கு வண்டியை விடுங்கள். மலைக்கோட்டை ஏறினால் மூச்சு வாங்கும். வாங்கட்டும். மூன்றாம் மைசூர் போரில், 1791-ல், திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் பிடித்த கோட்டை இது. அதே வருஷம் நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் அவர்கள் பருப்பு வேகவில்லை. மேக்ஸ்வெல் என்ற தளபதி கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைத் தொட முடியாமல் திரும்பினார். ஆனால், 1792 ஒப்பந்தத்தில் கிருஷ்ணகிரியைத் திப்பு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஓசூர் பக்கம் 1799-ல் அவர் இறந்த பிறகுதான் கைமாறியது. அதாவது, நடுவில் ஏழு வருஷம் கிருஷ்ணகிரி ஒரு ராஜ்யம், ஓசூர் வேறு ராஜ்யம்! அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத்தானே பார்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

இன்னொரு சமாசாரம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்வாராய்ச்சி செய்ததில், அங்கே கி.மு. 2172-லேயே இரும்பு புழங்கியது தெரிந்தது. 2022-ல் அரசே அறிவித்தது. வெல்டிங் செக்ஷன் நண்பரே, இந்த மண்ணில் இரும்போடு மல்லுக்கட்டும் முதல் ஆள் நீங்கள் இல்லை. உங்களுக்கு நாலாயிரம் வருஷ சீனியர்கள் உண்டு!

சாயங்காலம் கிருஷ்ணகிரி அணை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1957-ல் திறந்தது. கையில் சூடாக மீன் வறுவலோடு தண்ணீரைப் பார்த்தபடி உட்காருங்கள். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் ஓரமாக வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி இங்கே வருகிறது. இங்கிருந்து கடலூர் போய்க் கடலில் சேர்கிறது. மழை நாளில் கெலவரப்பள்ளிப் பக்கம் போனால், ஆற்றில் மலை மலையாக நுரை! யாரோ ஷாம்பூ போட்டு ஆற்றைக் குளிப்பாட்டியதுபோல... அத்தனையும் கழிவுநீர் செய்யும் வேலை. இந்தத் தண்ணீரை நம்பித்தான் கரையோரத்து விவசாயி நாற்று நடுகிறார்.

லாட்ஜில் தங்குகிறவன் குழாய் ஒழுகினால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். வீட்டுக்காரன்தான் எழுந்துபோய் மூடுவான். பத்து வருஷமாகச் சோறு போடும் ஊரை நாம் இன்னும் லாட்ஜாகவே வைத்திருந்தால், அந்த நுரையைப் பற்றி யார்தான் கேட்பது?

ஒரு ஞாயிறு சுற்றிவந்தால் பாதி வீட்டுக்காரர் ஆகிவிடலாம். பெங்களூர் பஸ்ஸா... அது எங்கேயும் ஓடிப்போய்விடாது சார்!