ஆபரேஷன் இலவசம், சரி... துணைக்கு யார் வருவாங்க?

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். சிகிச்சை இலவசம்னு சொன்ன பிறகும் ஜனங்க ஏன் ஆஸ்பத்திரிக்கு வர்றதில்லை?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அப்பத்தான்னு வச்சுக்கங்க. ரெண்டு கண்ணிலும் புரை. மதுரையில் காசு வாங்காம ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா கணக்கு அங்கே முடியலையே. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு இருக்கு. கண் தெரியாதவங்களைத் தனியா அனுப்ப முடியாது. மகன் கூட வந்தா அவருக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. ஆட்டை யார் பார்ப்பாங்க? பேரப்பிள்ளைக்கு யார் சோறு போடுவாங்க? கடைசியில் அப்பத்தாவே சொல்லிடுவாங்க: "போற வயசுல கண்ணு எதுக்குய்யா?"

இதை 'விழிப்புணர்வு இல்லை'ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனா இது அறியாமை இல்லைங்க, வீட்டுக் கணக்கு.

இந்தக் கணக்கைப் புரிஞ்சுக்கிட்ட ஒரு இடம் நம்ம மதுரையிலேயே இருக்கு. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்றதும், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கட்டக்கூடியவர்கள் தரும் பணத்தில், கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை என்பது ஏற்பாடு.

அவர்களுடைய கிராம முகாம்கள் எப்படி நடக்குதுன்னு பாருங்க. புரை இருக்குன்னு தெரிஞ்சா, "ஒரு நாள் மதுரைக்கு வாங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புறதில்லை. பஸ்ஸில் ஏத்திக் கூட்டிட்டுப் போறாங்க. ஆபரேஷன், லென்ஸ், தங்குமிடம், சாப்பாடு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுறது வரைக்கும் எல்லாம் சேர்த்துத்தான் சிகிச்சை. கூட்டமா போறதால ஊர்க்காரங்களே ஒருத்தருக்கொருத்தர் துணை. மகன் கூலியை விட வேண்டியதில்லை.

அப்படியும் போதலை. கண் பிரச்சினை உள்ள கிராமத்தினரில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பயம், செலவு, குடும்பப் பொறுப்பு, 'வயசாயிடுச்சே'ங்கிற எண்ணம் எல்லாம் தடையா நின்னது. முகாம் ஒரு நாள் வந்துட்டுப் போயிடும். அன்னைக்கு அப்பத்தாவுக்குக் களையெடுப்பு இருந்தா அவ்வளவுதான்.

அதனால் 2004 முதல் சின்ன ஊர்களில் நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் பரிசோதிக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுகிறார். கண்ணாடி மட்டும் போதும்னா டவுனுக்கு அலைய வேண்டியதே இல்லை. இன்று இப்படி 100க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கு.

இது கண்ணுக்கு மட்டுமான பாடம் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருது. மாத்திரை முன்னாடியும் இலவசம்தான். அதை வாங்கப் போற நாளோட கூலி இலவசம் இல்லையே!

அடுத்த தடவை யாராவது "சும்மா குடுத்தாலும் வர மாட்டேங்கிறாங்க"ன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அவங்க வந்துட்டுப் போறதுக்கு எவ்வளவு ஆகும்?"

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.