காய்ச்சல் விட்டாச்சா? அப்பதான் உஷார்! டெங்கு ஆபத்தை முன்கூட்டியே காட்டும் ரத்த பரிசோதனை

ஏற்காடு,

"காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்லை" என்று வீட்டில் நிம்மதி அடையும் நேரத்தில்தான் டெங்கு தன் வேலையை காட்டுகிறது. காய்ச்சல் தொடங்கிய 3-வது நாளில் இருந்து 7-வது நாளுக்குள், உடல் சூடு தணிந்த பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். யாருக்கு ஆபத்து என்பதை ரத்த பரிசோதனை பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக் கொடுத்து விடும்.

மலையில் குளிர் அதிகம், டெங்கு எட்டிப் பார்க்காது என்று இருந்துவிட முடியாது. ஏற்காட்டில் இருந்து வேலைக்கும், படிப்புக்கும் சேலம் போய் வருகிறவர்கள் ஏராளம். கீழே கொசு கடித்தால், 4 முதல் 10 நாள் கழித்து மேலே வீட்டில் காய்ச்சல் வரும். 2017-ம் ஆண்டு தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. அரசு கணக்குப்படி 65 பேர் பலியானார்கள். சேலம் மாவட்டமும் தப்பவில்லை.

தட்டணு மட்டும் போதாது

"தட்டணு எவ்வளவு சார்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது சாதாரண அளவு. ஒரு லட்சத்துக்கு கீழே இறங்கினால் கவனம் தேவை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து ஆபத்தை முடிவு செய்ய முடியாது.

டெங்கு முற்றும்போது ரத்தக் குழாய்களில் இருந்து நீர் வயிற்றுக்கும், நெஞ்சுக்கும் கசிகிறது. பாலை சுண்டக் காய்ச்சினால் கெட்டியாகிற மாதிரி, நீர் வெளியேறியதும் ரத்தம் கெட்டியாகிறது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிறது. இந்த கெட்டித்தன்மையை காட்டுவதுதான் ரிப்போர்ட்டில் இருக்கும் 'பி.சி.வி.'. தட்டணு மளமளவென குறைந்து, பி.சி.வி. ஏறினால் அது அபாய மணி.

முதல் ரிப்போர்ட் முக்கியம்

பி.சி.வி. முதலில் இருந்ததைவிட 20 சதவீதம் கூடினால் கசிவு என்று அர்த்தம். 36 இருந்தது 43-ஐ தாண்டினால் ஆபத்து.

ரத்த சோகை உள்ள பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு முதலிலேயே பி.சி.வி. 30 தான் இருக்கும். அது 36 ஆனால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' போல தெரியும். ஆனால் 20 சதவீதம் ஏறிவிட்டது! அதனால்தான் முதல் 3 நாட்களுக்குள் ஒரு பரிசோதனை எடுத்து, அந்த தாளை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒப்பிட வழி இல்லை.

மாறாக, நோயாளி சோர்ந்துகொண்டே போகும்போது பி.சி.வி. திடீரென இறங்கினால், உள்ளே ரத்தக்கசிவு என்று சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளை அணுக்கள் குறைவதும் டெங்குவின் அடையாளம். கல்லீரல் நொதிகள் ஆயிரத்தை தொட்டால் அது தீவிர டெங்கு. 'என்.எஸ்.1' பரிசோதனை டெங்கு இருக்கிறதா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு முற்றும் என்று சொல்லாது.

தட்டணு ஏற்றினால் சரியாகிவிடுமா? சிங்கப்பூர், மலேசியாவில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், தட்டணு 20 ஆயிரமும் அதற்கு கீழும் இருந்த பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றியும் ரத்தக்கசிவு குறையவில்லை. பி.சி.வி.யை பார்த்து அளவோடு டிரிப்ஸ் ஏற்றுவதுதான் உயிர் காக்கும்.

எப்போது கிளம்புவது?

கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கை கால் சில்லிடுதல், 6 மணி நேரமாக சிறுநீர் போகாதது, குழந்தை துவண்டு கிடப்பது... இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவை தூண்டும். கடையில் கேட்டு வாங்கி போடாதீங்க!