சின்னத்தின் வெள்ளைப் பின்னணியை நீக்குவது எப்படி?

விளைபொருளை மூட்டையாக விற்று வந்த உழவர்கள் பலர் இன்று குழுவாகச் சேர்ந்து, அரிசி, எண்ணெய், மாவு எனப் பையிலும் புட்டியிலும் அடைத்துத் தங்கள் சின்னத்துடன் விற்று வருகிறார்கள். வாங்குபவருக்குக் காட்ட வயலைக் கைபேசியில் வீடியோ எடுத்து, அதன் மூலையில் சின்னத்தைப் பதிக்கிறார்கள். அப்போது பச்சை வயலின் மேல் சின்னம் மட்டும் வராமல், சுற்றிலும் ஒரு வெள்ளைக் கட்டமும் சேர்ந்து வந்துவிடுகிறது. அவசரப்பட்டு அதை நீக்கினால் சின்னத்திலேயே ஓட்டை விழுவதும் உண்டு. பையில் ஒரு வடிவம், படத்தில் வேறு வடிவம் என்றால் வாங்குபவர் உங்கள் பொருளை எவ்வாறு அடையாளம் காண்பார்? எனவே இதனை முறையாகச் செய்ய அறிந்துகொள்வது நலம்.

கட்டம் வருவதன் காரணம்

கணினிப் படம் சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உண்டு. சாதாரணப் படங்களில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 255 ஆனால் வெள்ளை. ஆகவே வெள்ளையும் ஒரு நிறமே, வெற்றிடம் அன்று.

வெற்றிடத்தைக் குறிக்க நான்காவது அளவு ஒன்று தேவை. இதற்கு ஆல்ஃபா என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகியோர் இதனை உருவாக்கினர். ஆல்ஃபா 0 என்றால் புள்ளி முழுதும் மறையும். 255 என்றால் முழுதும் தெரியும். 128 என்றால் ஏறக்குறையப் பாதி தெரியும். சாக்கில் பெயர் எழுத, எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை பூசுகிறோம் அல்லவா? வெட்டிய இடத்தில் மட்டுமே மை இறங்கும். ஆல்ஃபா அத்தகைய தகடு போன்றது.

ஜேபெக் கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமில்லை. பி.என்.ஜி. கோப்பில் இடமுண்டு.

முதலில் செய்ய வேண்டியது

சின்னத்தை வரைந்து கொடுத்தவரிடம் பின்னணி இல்லாத பி.என்.ஜி. அல்லது எஸ்.வி.ஜி. கோப்பைக் கேட்டுப் பெறவும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் ஆல்ஃபா போய்விடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லவும். மூலக்கோப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூலக்கோப்பு இல்லையெனில்

இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. படத்தைத் திறந்து, லேயர் பட்டியலில் டிரான்ஸ்பரன்சி என்பதன் கீழ் ஆல்ஃபா சேனலைச் சேர்க்கவும்.

2. ஃபஸ்ஸி செலக்ட் கருவியால் வெளிப்புற வெள்ளையைத் தொடவும். தொட்ட இடத்தோடு ஒட்டிய வெள்ளை மட்டுமே தேர்வாகும்.

3. எழுத்துச் சுழிகளுக்குள் அடைபட்ட வெள்ளையை ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொடவும்.

4. ஓரப் புள்ளிகளில் வெள்ளை கலந்திருக்கும். எனவே செலக்ட் பட்டியலில் குரோ என்பதைத் தேர்ந்து, தேர்வை 1 புள்ளி பெருக்கவும். பிறகு டெலீட் விசையை அழுத்தவும்.

5. பி.என்.ஜி. கோப்பாக ஏற்றுமதி செய்யவும்.

வீடியோவில் பதித்தல்

படங்களை இணைக்கும் நாட்ரான் மென்பொருளும் இலவசமே. வீடியோவுக்கு ஒன்று, சின்னத்துக்கு ஒன்று என இரண்டு ரீட் கணுக்களை அமைக்கவும். மெர்ஜ் கணுவின் பி முனையில் வீடியோவையும், ஏ முனையில் சின்னத்தையும் இணைத்து, செயல்முறையை ஓவர் என்று வைக்கவும். சின்னத்துக்கும் மெர்ஜ் கணுவுக்கும் இடையே டிரான்ஸ்பார்ம் கணுவைச் சேர்த்தால் அளவையும் இடத்தையும் மாற்றலாம். முடிவில் ரைட் கணு மூலம் சேமிக்கவும்.

கவனிக்க வேண்டியவை

இம்மென்பொருளில் கீயர் என்ற கணுவும் உண்டு. குறித்த நிறத்தையோ வெளிச்சத்தையோ படம் முழுவதும் தேடி நீக்கும். இதற்கு இடம் தெரியாது; அளவு மட்டுமே தெரியும். வெள்ளையை நீக்கச் சொன்னால் சின்னத்திலுள்ள அரிசி மணியும் தேங்காய்ப் பருப்பும் சேர்ந்தே போகும். அவ்வழியே வயல் தெரியும். இது சல்லடை போன்றது. கண் பெரிதானால் மணியும் விழும். சிறிதானால் தூசி தங்கும். ஜேபெக் படத்தில் ஓரங்களில் 255-க்குப் பதில் 250, 252 என வெள்ளை சற்று மாறியிருப்பதால் சிறுபுள்ளிகள் எஞ்சும். ஆகவே சின்னத்துக்குள் வெள்ளை இருந்தால் இக்கணுவைத் தவிர்க்கவும்.

வேலை முடிந்ததும் சின்னத்தைக் கரும்பச்சை வயல் மேல் ஒருமுறையும், வெளிர் வானத்தின் மேல் ஒருமுறையும் வைத்துப் பார்க்கவும். ஓரத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் முதல் சோதனையில் தெரியும். சின்னத்தின் வெளிர் நிறம் வானத்தோடு கலந்து மங்கினால் இரண்டாவதில் தெரியும். மங்கினால் சின்னத்தைக் கருமையான இடத்துக்கு நகர்த்தவும்.

குறையற்ற பி.என்.ஜி. கோப்பு ஒன்றைத் தயாரித்துக் குழுவின் கணினியில் பத்திரப்படுத்தினால், எல்லா வீடியோக்களுக்கும் அதனையே பயன்படுத்தலாம். உங்கள் சின்னமும் பையிலும் படத்திலும் ஒரே வடிவில் விளங்கும்.